மரகதம் கொலம்பியாவில், செதுக்கியது இந்தியாவில், இருப்பது கத்தாரில்: தோஹா இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் யாருடைய கதையைச் சொல்கிறது?

ஒரு தீப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய அந்த நீள அகலத்தில் ஒரு பச்சைக் கல்லைக் கற்பனை செய்யுங்கள். எடை 217.80 காரட், அதாவது 43 கிராமுக்குக் கொஞ்சம் மேல். ஒரு பக்கம் முழுக்க அரபி எழுத்து. திருப்பினால் இலைகளும் பூக்களும். ஓரங்களில், கோத்து அணிவதற்கான துளைகள்.

'முகலாய மரகதம்' என்று இதற்குப் பெயர். கல்லிலேயே ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது: ஹிஜ்ரி 1107. நம் கணக்கில் 1695-96. டெல்லி சிம்மாசனத்தில் ஔரங்கசீப் இருந்த காலம். 2001 செப்டம்பரில் லண்டனில் கிறிஸ்டிஸ் ஏல நிறுவனம் இதை ஏலம் விட்டது. போன விலை சுமார் 22 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 10 கோடி ரூபாய். இன்று இந்தக் கல் கத்தாரின் தலைநகர் தோஹாவில் உள்ள இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

தோஹாவை நம்மில் பலர் ஒரு விமான நிலையமாகத்தான் அறிவோம். கத்தாரில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் வசிக்கிறார்கள்; உங்கள் தெருவிலிருந்தே யாராவது போயிருக்கக்கூடும். அந்த ஊரின் கடற்கரையில், இந்தியாவில் செதுக்கிய அரிய பொருட்களில் சில இருக்கின்றன. அவை எப்படி அங்கே போயின? 'இஸ்லாமியக் கலை' என்ற பெயர்ப்பலகைக்குள் அவற்றை வைப்பது சரியா? இந்தியா திருப்பிக் கேட்க முடியுமா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அந்தக் கட்டடம் ஏன் தண்ணீருக்குள் நிற்கிறது?

முதலில் அருங்காட்சியகம். 2008 டிசம்பர் 1-ஆம் தேதி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ஐ.எம்.பெய். 1917-இல் சீனாவில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர். பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தின் முற்றத்தில் நிற்கும் கண்ணாடிப் பிரமிடு இவருடையதுதான். கத்தார் அழைத்தபோது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. தன் நிறுவனத்திலிருந்து ஓய்வும் பெற்றிருந்தார். திறப்பு விழாவின்போது வயது 91.

கரையோரத்தில் சில இடங்களைக் காட்டினார்கள். அவருக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்குச் சுற்றிலும் காலி மனையாக இருக்கும், நாளைக்குப் பக்கத்திலேயே ஒரு வானளாவி முளைத்துவிடும் என்பது அவர் பயம். கடலுக்குள் ஒரு செயற்கைத் தீவு போட்டுத் தரச் சொன்னார். கரையிலிருந்து சுமார் 60 மீட்டர் தள்ளித் தீவு போட்டுக் கொடுத்தார்கள். எதிரே வளைகுடாவின் அந்தப் பக்கத்தில் இன்று நிற்கும் கண்ணாடிக் கோபுரங்களைப் பார்த்தால், மனிதர் சரியாகத்தான் பயந்திருக்கிறார் என்று தெரியும்.

இடம் கிடைத்தது. அடுத்த கேள்விதான் கஷ்டமானது: 'இஸ்லாமியக் கட்டடக் கலை' என்பதன் சாரம் என்ன? அதைத் தேடிப் பெய் பல மாதங்கள் பயணம் போனார். ஸ்பெயினில் கோர்டோபா, சிரியாவில் டமாஸ்கஸ், துனிசியாவின் கடற்கரைக் கோட்டைகள், நம் ஃபதேபூர் சிக்ரியின் ஜாமா மசூதி. ஒவ்வொன்றிலும் அந்தந்த மண்ணின் சாயல் தூக்கலாக இருப்பதாக அவருக்குப் பட்டது. கடைசியில் மனம் நின்றது கெய்ரோவில், 9-ஆம் நூற்றாண்டின் இப்னு துலூன் பள்ளிவாசலில். அதன் முற்றத்தின் நடுவே, தொழுகைக்கு முன் கை கால் கழுவுவதற்காக 13-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஒரு சின்ன மண்டபம் இருக்கிறது. கீழே சதுரம், மேலே எண்கோணம், அதற்கும் மேலே குவிமாடம். அலங்காரம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. வெயில் விழ விழ நிழல்தான் வேலைப்பாடு. தோஹா அருங்காட்சியகம் அந்த மண்டபத்தைப் பல மடங்கு பெரிதாக்கியது போன்ற ஒன்று. பிரான்சிலிருந்து வந்த சுண்ணாம்புக்கல் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருப்பித் திருப்பி அடுக்கிய மாதிரி நிற்கும்.

அதாவது, ஒரு சீன அமெரிக்கர், எகிப்தில் கண்ட ஒரு வடிவத்தை, பிரெஞ்சுக் கல்லால், அரேபியக் கடற்கரையில் எழுப்பியிருக்கிறார். உள்ளே இருக்கும் பொருட்களின் கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான்.

'இஸ்லாமியக் கலை' என்றால் மதக் கலையா?

பெரும்பாலானோர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். சோழர் செப்புத்திருமேனி என்றால் அது வழிபாட்டுக்காக வார்த்தது. அந்தப் பழக்கத்தில், இஸ்லாமியக் கலை என்றதும் குர்ஆன் பிரதிகள், பள்ளிவாசல் விளக்குகள் என்று நினைப்பது இயல்பு. அவையும் இருக்கின்றன. கூடவே சாப்பாட்டுக் கிண்ணம், கம்பளம், குறுவாள், நகை, மருந்து ஜாடி, வானியல் கருவி எல்லாம் இருக்கின்றன. பல பொருட்களுக்கு மதத்தோடு நேரடித் தொடர்பே இல்லை.

காரணம், இந்தப் பெயரே அந்தப் பொருட்களைச் செய்தவர்கள் வைத்ததில்லை. பாக்தாத்தில் கிண்ணம் சுட்ட குயவரோ, ஆக்ராவில் படம் எழுதிய ஓவியரோ 'நான் இஸ்லாமியக் கலைஞன்' என்று சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய அறிஞர்களும் சேகரிப்பாளர்களும், ஸ்பெயின் முதல் இந்தியா வரை முஸ்லிம் அரசர்கள் ஆண்ட நாடுகளில் உருவான எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பெயர் தேடினார்கள். அரபுக் கலை, மூரிஷ் கலை, முகமதியக் கலை என்று பல பெயர்கள் வந்து போயின. 1910-இல் மியூனிக்கில் நடந்த புகழ்பெற்ற கண்காட்சியின் பெயரில் இருந்தது 'முகமதியக் கலை'. கெய்ரோவில் இன்று இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம் எனப்படுவது, 1950-களின் தொடக்கம் வரை அரபுக் கலை அருங்காட்சியகமாகத்தான் இருந்தது.

இந்தப் பெயரில் இருக்கும் சங்கடம் அருங்காட்சியகங்களுக்கே தெரியும். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2011-இல் தன் கூடங்களைப் புதுப்பித்துத் திறந்தபோது, 'இஸ்லாமிய' என்ற சொல்லையே பெயரில் விட்டுவிட்டது. 'அரபு நாடுகள், துருக்கி, ஈரான், மத்திய ஆசியா, பிற்காலத் தெற்காசியா ஆகியவற்றின் கலை' என்று நீளமாக வைத்தது. துல்லியமான பெயர்தான், ஆனால் ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்!

அக்பரின் ஓவியக்கூடத்தில் பசாவன், தஸ்வந்த் போன்ற இந்து ஓவியர்கள் முன்னணியில் இருந்தார்கள். அபுல் ஃபசல் தன் அயினி அக்பரியில் அவர்கள் பெயரைக் குறிப்பிட்டே பாராட்டுகிறார். அவர்கள் வரைந்தது இஸ்லாமியக் கலையா, இந்தியக் கலையா? இரண்டும்தான். இரண்டில் ஒன்று என்று அடம்பிடித்தால் பாதிக் கதை போய்விடும்.

கிண்ணம், மான், வான்கருவி

தோஹா சேகரிப்பு சுமார் 1,400 ஆண்டுகளையும் மூன்று கண்டங்களையும் தொடுகிறது. எல்லாவற்றையும் சொல்ல இங்கே இடமில்லை. எனக்கு முக்கியமாகப் படுகிற மூன்று மட்டும்.

முதலாவது, 9-ஆம் நூற்றாண்டில் இராக்கின் பாஸ்ராவில் செய்த ஒரு வெள்ளைக் கிண்ணம். நடுவே நீலத்தில் சில அரபிச் சொற்கள், அவ்வளவுதான். பார்க்கச் சாதாரணம். ஆனால் விஷயம் இருக்கிறது. அந்தக் காலத்தில் சீனாவிலிருந்து கப்பலில் வந்த வெண்பீங்கான் மீது அரபு உலகத்துக்குப் பெரிய மோகம். பீங்கானுக்கான களிமண்ணோ இராக்கில் கிடையாது. என்ன செய்தார்கள்? உள்ளூர் மண்ணில் கிண்ணம் செய்து, வெள்ளீயம் கலந்த மெருகு பூசி, வெள்ளையாக்கினார்கள். அதோடு நிற்காமல், கோபால்ட் நீலத்தால் அதன்மேல் எழுதினார்கள். பிறகு சில நூற்றாண்டுகள் கழித்து, மேற்காசியக் கோபால்ட் சீனாவுக்கே போய், நாம் 'சீனப் பீங்கான்' என்றதும் நினைக்கிற நீல வெள்ளை ஜாடிகளாக உலகத்தைச் சுற்றி வந்தது. யார் யாரைப் பார்த்துச் செய்தார்கள் என்று கேட்டால், இருவரும்தான்.

இரண்டாவது, வெண்கல மான். 10-ஆம் நூற்றாண்டு, ஸ்பெயினின் கோர்டோபா அருகே உமையா கலீஃபாக்களின் அரண்மனையில் நீரூற்றின் வாயாக இருந்தது. தண்ணீர் மானின் உடலுக்குள் ஏறி வாய் வழியாக விழும். இதன் உறவுக்கார மான் ஒன்று இன்றும் கோர்டோபாவிலேயே இருக்கிறது. இந்த மானை 1997-இல் கத்தார் ஏலத்தில் வாங்கியது, சுமார் 36 லட்சம் பவுண்டுக்கு. 'இஸ்லாமியக் கலையில் உயிரினங்களின் உருவமே இருக்காது' என்று யாராவது சொன்னால் இந்த மானைக் காட்டலாம். வழிபாட்டு இடங்களில் உருவம் தவிர்க்கப்பட்டது உண்மை. அரண்மனையிலும் வீட்டிலும் மான், சிங்கம், மயில், குடித்துக் களிக்கும் அரசர்கள் எல்லாரும் தாராளமாக இருந்தார்கள்.

மூன்றாவது, அல் குஜந்தி என்ற வானியலாளர் 984-85-இல் செய்த பித்தளை ஆஸ்ட்ரோலேப். நட்சத்திரம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்த்து, மணி என்ன, திசை எது என்று கண்டுபிடிக்க உதவும் கருவி. அக்காலத்தின் கைக்கணினி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பூவேலையும் விலங்குருவங்களுமாக அலங்கரித்தும் வைத்திருக்கிறார். கணக்கு சரியாக வந்தால் போதும் என்று விட்டிருக்கலாம். விடவில்லை.

ஷாஜகானின் நெஞ்சுக் கல்

இனி இந்தியப் பொருட்களுக்கு வருவோம். ஷாஜகானின் பட்டப்பெயரும் ஆண்டும் பொறித்த ஒரு பச்சைக்கல் பதக்கம் தோஹாவில் இருக்கிறது. மரகதம் அல்ல இது, ஜேட் என்னும் பச்சைக்கல். இந்த வகைப் பதக்கத்துக்கு 'ஹல்திலி' என்று பெயர். 'ஹௌல்' என்றால் பயம், 'தில்' நமக்குத் தெரிந்ததுதான், இதயம். நெஞ்சுப் படபடப்பு அடங்க மார்பில் படும்படி அணிவது. ஜேட் கல்லுக்கு அந்தக் குணம் உண்டு என்று நம்பினார்கள்.

இதில் உள்ள ஆண்டு ஹிஜ்ரி 1041. தேதிக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஹிஜ்ரி 1041 தொடங்கியது 1631 ஜூலை இறுதியில். புர்ஹான்பூரில் மும்தாஜ் மஹால் பிரசவத்தில் இறந்தது 1631 ஜூன் 17. அதாவது மனைவி இறந்த ஆறு வாரம் முதல் ஓராண்டு சொச்சத்துக்குள், ஷாஜகானுக்காக நெஞ்சுவலிக்கான ஒரு கல் செதுக்கப்பட்டிருக்கிறது. துக்கத்துக்காகவே செய்ததா என்று கல் சொல்லவில்லை. தேதி மட்டும் இருக்கிறது. தாஜ்மஹாலைப் பற்றி நாம் எவ்வளவோ பேசியிருக்கிறோம். உள்ளங்கைக்குள் அடங்குகிற இதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர்?

மரகதத்துக்குத் திரும்பினால், அதன் பயணம் இன்னும் நீளம். கல் தோண்டியது தென் அமெரிக்காவின் கொலம்பியாவில். அந்தச் சுரங்கங்களைக் கைப்பற்றிய ஸ்பானியர்கள் மூலம் கடல்கடந்து, வியாபாரிகள் கைமாறி இந்தியா வந்தது. ஐரோப்பாவைவிட இங்கே நல்ல விலை கிடைத்தது. இங்கேதான் செதுக்கினார்கள். செதுக்கிய வாசகத்தில் ஒரு புதிர் ஒளிந்திருக்கிறது: ஷியா முஸ்லிம்கள் போற்றும் பன்னிரண்டு இமாம்களுக்கான வாழ்த்து அது. ஔரங்கசீப்போ சன்னி. எனவே 'முகலாய மரகதம்' என்று பெயர் இருந்தாலும், பேரரசருக்காகச் செய்திருக்க வாய்ப்பு குறைவு. பீஜப்பூர், கோல்கொண்டா என்னும் தக்காணத்து ஷியா அரசுகள் 1686, 1687-இல் அடுத்தடுத்து ஔரங்கசீப்பிடம் வீழ்ந்திருந்தன. முகலாய அரசவையிலோ தக்காணத்திலோ இருந்த ஷியா பிரபு ஒருவர் இதை அணிந்திருக்கலாம் என்பது பொருத்தமான ஊகம்.

யார் வாங்கினார்கள், எந்தப் பணத்தில்?

எரிவாயுப் பணத்தில். 1990-களின் இறுதியிலிருந்து சில ஆண்டுகள், உலகக் கலைச் சந்தையில் அதிகமாகச் செலவழித்தவர் என்று பெயர் எடுத்தவர் கத்தார் அரச குடும்பத்தின் ஷேக் சவுத் அல் தானி. நாட்டின் கலாசார, கலை, பாரம்பரியக் கவுன்சிலின் தலைவர். அருங்காட்சியகச் சேகரிப்பின் பெரும்பகுதி அவர் காலத்தில் வந்தது. 2004-இல் லண்டனில் ராபர்ட் கிளைவ் இந்தியாவிலிருந்து கொண்டுபோன பொருட்கள் ஏலத்துக்கு வந்தன. அவற்றில் மாணிக்கமும் மரகதமும் பதித்த ஒரு ஜேட் குடுவையை அவர் சுமார் 29 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார். அன்றைய மதிப்பில் 20 கோடி ரூபாய்க்கும் மேல். மறு ஆண்டே, 2005-இல், பொதுப் பணத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாக விசாரணை வந்து பதவியை இழந்தார். 2014-இல் காலமானார்.

இதனால் ஒரு விளைவு உண்டு. ஏலத்தில் வாங்கிச் சேர்த்த அருங்காட்சியகத்தில், ஏலத்துக்கு வருவதுதான் வந்து சேரும். அரசவை நகைகளும் அரண்மனைப் பாத்திரங்களும் வரும். கீழக்கரையின் கல்தூண் பள்ளிவாசல் வராது. அரபி எழுத்தில் தமிழ் எழுதிய அரபுத்தமிழ் ஏடுகளை யாரும் லண்டனில் கோடிக்கு ஏலம் கேட்பதில்லை. 2022 உலகக்கோப்பைக்கு முன், அக்டோபரில் அருங்காட்சியகத்தைப் புதுப்பித்துத் திறந்தபோது தென்கிழக்காசியாவுக்கு இடம் கொடுத்தார்கள். நல்ல விஷயம். கடல் வழியாக வளர்ந்த இஸ்லாத்தின் கதையில் கோரமண்டல், மலபார் கரைகளுக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனால் கண்ணாடிப் பேழைக்குள் இன்னமும் டெல்லியும் தக்காணமும்தான் இந்தியா.

இந்தியா திருப்பிக் கேட்க முடியுமா?

சுருக்கமான பதில்: சட்டப்படி மிகக் கடினம். நூறு ஆண்டுக்கு மேல் பழமையான கலைப்பொருளை அனுமதியின்றி வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தடை விதிக்கும் நம் சட்டம் 1972-இல் இயற்றியது. அதற்கு முன்பே 1947-இல் ஒரு ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. கிளைவ் கப்பல் ஏறியது 18-ஆம் நூற்றாண்டில். திருட்டுக் கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ ஒப்பந்தம் 1970-இல் வந்தது. அதுவும் பின்தேதியிட்டு எதையும் திறப்பதில்லை. கோவில் சிலைகள் திரும்பி வருவதைச் செய்திகளில் பார்க்கிறோமே என்று கேட்கலாம். அவற்றில் பெரும்பாலானவை அண்மைப் பத்தாண்டுகளில் திருடப்பட்டவை. இந்தக் கோவிலில் இருந்தது என்று பழைய புகைப்படத்தால் நிரூபிக்க முடிந்தவை. மரகதத்துக்கு அப்படி ஒரு புகைப்படம் கிடையாது.

சட்டத்தை விட்டுவிட்டு இன்னொரு கேள்வி கேட்போம். நம்மிடம் இருப்பதை நாம் என்ன செய்தோம்? ஹைதராபாத் நிஜாமின் நகைகள், மொத்தம் 173 உருப்படி. அதில் 184.75 காரட் ஜேக்கப் வைரமும் அடக்கம். நீண்ட வழக்குக்குப் பிறகு 1995-இல் இந்திய அரசு 218 கோடி ரூபாய் கொடுத்து வாங்கியது. வெளிநாட்டுக்குப் போகாமல் காப்பாற்றியது பெரிய காரியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவை இருப்பது ரிசர்வ் வங்கிப் பெட்டகத்தில். டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் 2001, 2007, 2019 என மூன்று முறை காட்டினார்கள். ஹைதராபாத்தில் சில முறை. என் கருத்தில், இதைப் பாதுகாப்பு என்று சொல்லலாம், அருங்காட்சியகம் என்று சொல்ல முடியாது. ஹைதராபாத்தின் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் நூர்ஜஹானின் குறுவாள் உட்பட முகலாய ஜேட் வேலைப்பாடுகள் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். டிக்கெட் எடுத்தால் யாரும் பார்க்கலாம்.

தனியார் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. அதில் ஆற்காடு வருகிறது. கத்தார் அரச குடும்பத்தின் இன்னொருவர், ஷேக் ஹமத் பின் அப்துல்லா அல் தானி, இந்திய நகைகளைச் சேர்த்த ஒரு தனிச் சேகரிப்பை உருவாக்கினார். இது அருங்காட்சியகச் சேகரிப்பு அல்ல. அதிலிருந்து ஏறத்தாழ 400 பொருட்கள் 2019 ஜூனில் நியூயார்க்கில் ஒரே ஏலத்தில் போயின: மொத்தம் 10.9 கோடி டாலர், சுமார் 750 கோடி ரூபாய். ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா இங்கிலாந்து அரசி சார்லட்டுக்கு 1777-இல் பரிசளித்த வைரங்களில் ஒன்றும் அதில் இருந்தது. 17.21 காரட். விலை 33.75 லட்சம் டாலர். காரட்டுக்கு 1.96 லட்சம் டாலர். முகலாய மரகதத்துக்கு 2001-இல் கிடைத்ததோ காரட்டுக்கு 10,000 டாலர் சொச்சம். எழுத்தும் தேதியும் சுமக்கிற கல்லைவிட, எதுவும் எழுதாத கல்லுக்குச் சந்தை பல மடங்கு கொடுத்திருக்கிறது.

நீங்கள் போவதாக இருந்தால்

கத்தாரில் வசிப்பவர்களுக்கான அடையாள அட்டை இருந்தால் அனுமதி இலவசம். அங்கே வேலையில் இருக்கும் தம்பிக்கோ மச்சானுக்கோ இதைச் சொல்லிவையுங்கள். இது தெரியாமலேயே ஊர் திரும்புகிறவர்கள் உண்டு. வெள்ளிக்கிழமைகளில் மதியத்துக்குப் பிறகுதான் திறக்கும். தீவை ஒட்டிய பூங்காவுக்குக் கட்டணம் இல்லை. அதன் முனையில் நிற்கும் 24 மீட்டர் உயர எஃகுத் தகடுகள் அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ராவுடைய படைப்பு.

காட்சிப் பொருட்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். வேறு நாட்டுக் கண்காட்சிகளுக்கு இரவலாகவும் அனுப்புவார்கள். மரகதத்துக்காகவே போகிறீர்கள் என்றால் முன்கூட்டி விசாரித்துக்கொள்வது நல்லது. பேழை முன் நின்றால் எழுத்துப் பக்கத்தோடு திரும்பிவிடாதீர்கள். சுற்றிப் போய்ப் பின்பக்கம் தெரிகிறதா என்று பாருங்கள். பூக்கள் இருப்பது அந்தப் பக்கம்தான்.